காக்தோவின் 'லா பெல் எ லா பெத்': எந்தப் பதிப்பை வாங்குவது?

ழான் காக்தோ 1946-இல் வெளியிட்ட 'லா பெல் எ லா பெத்' (அழகியும் மிருகமும் என்ற அதே பழைய கதைதான்) பார்க்க வேண்டிய படமா இல்லையா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. பார்ப்பது என்று முடிவாகிவிட்டது, வீட்டில்தான் பார்க்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது என்று தேட ஆரம்பித்ததும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனப் பதிப்பு, லண்டன் பிஎஃப்ஐ (பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்) பதிப்பு, பிரெஞ்சுப் பதிப்பு, பழைய டிவிடிகள், ஓடிடி, யாரோ ஏற்றிவைத்த மங்கலான இலவசப் பிரதி என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஒரே படம்தானே, கிடைத்ததைப் பார்த்தால் போதாதா? பல படங்களுக்குப் போதும். இதற்குப் போதாது, அது ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், என் தேர்வு முழுக்க அதை வைத்துத்தான்.

இந்தப் படத்தின் மாயமெல்லாம் கேமராவுக்கு முன்னால் கையால் செய்தது. மிருகத்தின் மாளிகைக்குள் கதாநாயகி பெல்லின் அப்பா நுழையும்போது, சுவரிலிருந்து நீளும் மனிதக் கைகள் பிடித்திருக்கும் மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாகத் தானே பற்றிக்கொள்ளும். எரிகிற மெழுகுவத்திகளை அணைத்துப் படம் பிடித்து, சுருளைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெல் ஒரு அடிகூட எடுத்து வைக்காமல் திரைச்சீலைகள் பறக்கும் நடைகூடத்தில் மிதந்து வருவாள், அவளைச் சக்கரப் பலகையில் நிற்கவைத்து இழுத்தார்கள். கணப்பின் இரண்டு பக்கமும் இருக்கும் சிலைமுகங்கள் கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்க்கும், அவை பூச்சு பூசிய நிஜ மனிதர்கள். வேட்டையாடிவிட்டு வரும் மிருகத்தின் கைகளிலிருந்து புகை எழும். இவ்வளவும் பெரும்பாலும் இருட்டிலோ அரை வெளிச்சத்திலோ நடக்கிறது. கறுப்புக்குள் எத்தனை விதமான கறுப்பு இருக்கிறது என்று காட்ட முடியாத பிரதியில் அந்தக் கைகள் தெரியாது, கண் திரும்புவது தெரியாது, புகை ஒரு சாம்பல் கறையாக நிற்கும். அப்போது பார்க்கிறவருக்கு "பழைய படம், அந்தக் காலத்துக்குப் பரவாயில்லை" என்றுதான் தோன்றும். தப்பு அவர் மேல் இல்லை, பிரதி மேல்.

ஒளிப்பதிவாளர் ஆன்ரி அலெகான். தேவதைக் கதை என்றால் லென்ஸில் வலைத்துணி கட்டி எல்லாவற்றையும் பனிமூட்டமாக்குவது வழக்கம், காக்தோவுக்கு அது பிடிக்கவில்லை. மாயம் நடப்பதைச் செய்திப்படம் போலத் துல்லியமாகக் காட்டினால்தான் நம்புவார்கள் என்பது அவர் எண்ணம். பண்ணை வீட்டுக் காட்சிகளுக்கு வெர்மீர் போன்ற டச்சு ஓவியர்களின் ஜன்னல் வெளிச்சம், மாளிகைக்கு குஸ்தாவ் தொரேயின் செதுக்குப் படங்களின் இருட்டு. ஆக, கூர்மை போய்விட்டால் இந்தப் படத்தில் மிச்சம் கொஞ்சம்தான். மிருகமாக வரும் ழான் மரேவுக்கு (பெல்லைக் காதலிக்கும் அவ்னான் என்ற இளைஞனும் இளவரசனும்கூட அவர்தான், மூன்று வேடம்) ஒப்பனை போட ஐந்து மணி நேரம் ஆகும், முகத்துக்கு மூன்று, கை ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஹகோப் அராகெலியான் செய்த அந்த முகத்தில் ரோமம் ரோமமாகத் தெரிய வேண்டும், அதற்குள்ளிருந்து மரேவின் கண்கள் தெரிய வேண்டும். படத்தின் காதல் முழுவதும் அந்தக் கண்களில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். படப்பிடிப்பு தொடங்கியது 1945 ஆகஸ்டில், ஐரோப்பாவில் போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிரான்ஸில் மின்சாரம் அடிக்கடி போகும், துணி கிடைக்காது, ஃபிலிம் கிடைப்பதே பாடு, கிடைத்த வகையை வைத்து எடுத்தார்கள். அதனால் ஒரே காட்சிக்குள்ளேயே ஒரு ஷாட் பளிச்சென்றும் அடுத்தது துகள் துகளாகவும் இருக்கும். வட்டு கோளாறோ என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எந்தப் பதிப்பை எடுத்தாலும் இந்த ஏற்ற இறக்கம் இருக்கும், இருக்கவும் வேண்டும், அதை வழித்துச் சமமாக்கினால் ஆட்களின் முகம் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

சரி, பதிப்புகளுக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு தொல்லை இருக்கிறது, அதன் பெயர் ரீஜன். ப்ளூ-ரேயை உலகம் முழுக்க ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டொராண்டோ, சிங்கப்பூர், கோலாலம்பூர் எல்லாம் ஏ. லண்டன், பாரிஸ், சிட்னி பி. இந்தியாவும் இலங்கையும் சி. கிரைட்டீரியனின் ப்ளூ-ரே ஏ-வுக்கானது, பிஎஃப்ஐ பி-க்கானது. அதாவது சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடையில் வாங்கிய சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் இரண்டுமே ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிவிடியில் கதை கொஞ்சம் இளகும். அமெரிக்கா 1, பிரிட்டன் 2, நாம் 5 என்று அங்கேயும் எண் இருந்தாலும், நம் ஊரில் விற்ற டிவிடி பிளேயர்களில் நிறையவற்றுக்கு ரிமோட்டில் சில எண்களைத் தட்டினால் ரீஜன் பூட்டு போய்விடும், சிலவற்றில் பூட்டே இருக்காது. கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்றால், டிவிடி டிரைவ் ஐந்து முறைதான் ரீஜன் மாற்ற விடும், அதற்கப்புறம் கடைசியாக வைத்ததில் நின்றுவிடும். ஆகவே வட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் பிளேயரைப் பாருங்கள். எல்லா ரீஜனும் ஓடும்படி மாற்றிய ப்ளூ-ரே பிளேயர்கள் விற்பனைக்கு உண்டு, விலை அதிகம்தான், ஆனால் இந்த ஒரு படத்துக்காக வாங்குவது என்றில்லாமல் வெளிநாட்டு வட்டுகளைச் சேர்க்கிற பழக்கம் இருந்தால் அது வீண்செலவு ஆகாது.

கிரைட்டீரியன் இந்தப் படத்தை டிவிடியாகவும் ப்ளூ-ரேயாகவும் கொண்டுவந்த வரிசை இது: 1998-இல் முதல் டிவிடி, 2003-இல் புது டிவிடி, 2011-இல் ப்ளூ-ரே. 1998 டிவிடியைப் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை, வாங்காதீர்கள். 2003 டிவிடி பெரிய முன்னேற்றம், மீட்டெடுத்த பிரதியிலிருந்து புதிதாக எடுத்தது. இன்றைய பெரிய டிவியில் டிவிடி என்றாலே கொஞ்சம் கரகரப்புத்தான், இருந்தாலும் 32 அங்குலத் திரையில், நான்கைந்து அடி தள்ளி உட்கார்ந்தால் பண்ணை வீட்டுக் காட்சிகள் இன்றைக்கும் அழகாகத்தான் தெரிகின்றன. மாளிகைக் காட்சிகளில்தான் திணறும். 2011 ப்ளூ-ரேயில் அந்தத் திணறல் பெரும்பாலும் போய்விட்டது. நான் சொன்ன கைகள், கண்கள், புகை மூன்றும் அதில் தெரியும்.

கிரைட்டீரியனின் பலம் படத்தோடு சேர்த்துத் தரும் மற்றவை. இரண்டு வர்ணனைத் தடங்கள் (படம் ஓடும்போதே ஒருவர் பேசி விளக்கும் ஒலித்தடம்), ஒன்றில் பேசுவது திரைப்பட வரலாற்றாளர் ஆர்தர் நைட், மற்றதில் எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங். இரண்டையும் கேட்க நேரமில்லை என்றால் ஃப்ரேலிங்கைக் கேளுங்கள், கதை எங்கிருந்து வந்தது, மதாம் லெப்ரான்ஸ் த பொமோன் 1756-இல் எழுதியதில் காக்தோ எதை வைத்துக்கொண்டு எதைத் தூக்கிப் போட்டார் என்பதெல்லாம் சுவாரசியமாக வரும். உதாரணமாக, பெல்லைக் கட்டிக்கொள்ளத் துடிக்கும் உள்ளூர் இளைஞன் அவ்னான் மூலக்கதையில் இல்லை. காக்தோ சேர்த்தது. (அழகன், ஆனால் உள்ளே சரக்கில்லாதவன். 1991 டிஸ்னி படம் பார்த்த குழந்தைகளுக்கு இந்த ஆளை உடனே அடையாளம் தெரியும்.) 1995-இல் எடுத்த ஒரு ஆவணப்படம் இருக்கிறது, அலெகானின் பேட்டி இருக்கிறது, காக்தோவே குரல் கொடுத்த பழைய டிரெய்லர் இருக்கிறது. கூடவே வரும் சிறு புத்தகத்தில் காக்தோ எழுதியதும் உண்டு.

அப்புறம் ஓபரா. இதுதான் கிரைட்டீரியனுக்கே உரிய பெரிய ஈர்ப்பு. அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் 1994-இல் ஒரு காரியம் செய்தார்: படத்தின் ஒலியை முழுக்க எடுத்துவிட்டு, ஒவ்வொரு வசனத்தையும் பாடகர்கள் பாடும்படி, அதுவும் திரையில் வாய் அசைகிற நேரத்துக்குப் பொருந்தும்படி இசையமைத்தார். மேடையில் அதைப் படத்தைத் திரையில் ஓடவிட்டு, நேரடி இசையோடு நடத்துவார்கள். வட்டில் அது இரண்டாவது ஒலித்தடமாக, ப்ளூ-ரேயில் 5.1 ஒலியில் இருக்கிறது. ரிமோட்டில் ஒரு பட்டனைத் தட்டினால் அதே படம் ஓபராவாகிவிடும். எனக்கு இது பிடிக்கும், ஆனால் முதல் தடவை பார்க்கும்போது தயவுசெய்து தொடாதீர்கள். ழார்ழ் ஓரிக் போட்ட மூல இசை நிறைய இடத்தில் சும்மா இருக்கத் தெரிந்த இசை, மாளிகைக்குள் ஆள் நடக்கும் சத்தமும் காற்றும்தான் பல காட்சிகளில் வேலை செய்கின்றன. கிளாஸின் இசையோ நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். படத்தைத் தெரிந்தவர்களுக்கு அது வேறொரு கண்ணாடி, தெரியாதவர்களுக்கு நடுவில் விழுந்த திரை. ஆக, ஓபராவுக்காகவே கிரைட்டீரியன் வாங்குகிறேன் என்பவர் ஏற்கெனவே படத்தைப் பார்த்தவராக இருக்கட்டும்.

பிஎஃப்ஐ பக்கம் பார்ப்போம். 2013-இல் பிரான்ஸில் இந்தப் படத்தை மறுபடியும் மீட்டெடுத்தார்கள், எஸ்என்சி நிறுவனமும் சினமாதெக் பிரான்ஸேஸ் என்ற திரைப்படக் காப்பகமும் சேர்ந்து. அதை பிஎஃப்ஐ 2014 தொடக்கத்தில் பிரிட்டன் திரையரங்குகளில் வெளியிட்டு, பின்னால் ப்ளூ-ரேயாகவும் கொண்டுவந்தது. 2011-இல் கிரைட்டீரியன் ப்ளூ-ரே வந்தபோது இந்த மீட்டெடுப்பு இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். என் கண்ணுக்கு 2013-இன் படம் இன்னும் நிலையாக நிற்கிறது, கீறல்கள் குறைவு, ராரே மாளிகைத் தோட்டத்துக் காட்சிகளில் (சான்லிஸ் பக்கம் இருக்கிறது, மதில் மேல் வேட்டை நாய்களின் கற்சிலைகள் வரிசையாக நிற்குமே, அங்கே) வானத்துக்கும் சிலைக்கும் நடுவில் உள்ள சாம்பல் நிறங்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. துகளையும் துடைத்தெடுத்துவிடவில்லை. வித்தியாசம் இரவுக்கும் பகலுக்கும் உள்ளது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், 40 அங்குலத்துக்குக் கீழே பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ப்ரொஜெக்டரில் பார்க்கிறவருக்குத் தெரிந்தே தீரும்.

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் பழைய டிவிடி கிடைக்கிறதே என்று எடுப்பதற்கு முன்னால் ஒன்று. அங்கத்திய டிவிடிகள் விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் ஓடும், படம் எடுத்ததோ 24-இல். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும் படம் நான்கு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். நேரம் மிச்சம் என்று சந்தோஷப்பட வேண்டாம், சரிசெய்யாமல் விட்டிருந்தால் குரலும் இசையும் அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருதி ஏறிவிடும். மரேவின் மிருகக் குரல் கரகரத்து அடியிலிருந்து வர வேண்டிய குரல், அது ஏறினால் நன்றாக இருக்காது. ப்ளூ-ரேயில் இந்தச் சிக்கல் இல்லை.

பாரிஸில் இருக்கும் நம் ஆட்களுக்குப் பிரெஞ்சு தெரிந்தால் பிரெஞ்சுப் பதிப்பே போதும், 2013 மீட்டெடுப்பு அங்கேயே கிடைக்கும், தபால் செலவும் இல்லை. ஆனால் ஊரிலிருந்து வரும் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் போட்டுக் காட்டுகிற எண்ணம் இருந்தால் ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்று அட்டையின் பின்பக்கம் பார்த்துவிட்டு வாங்குங்கள், இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தமிழ் சப்டைட்டிலோடு எதையும் நான் பார்த்ததில்லை. நல்லவேளை, இந்தப் படத்தில் பேச்சு குறைவு, பேசுவதும் நிதானமாகப் பேசுவார்கள், ஓரளவு ஆங்கிலம் வாசிக்கிறவர் தடுமாற மாட்டார்.

ஓடிடியைப் பற்றி. கிரைட்டீரியன் சேனல் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும்தான். மற்ற தளங்களில் இன்றைக்கு இருக்கும் பழைய பிரெஞ்சுப் படம் அடுத்த மாதம் இருக்குமா என்பது உத்தரவாதமில்லை. அதைவிட எனக்குப் பெரிய குறை, இணையத்தில் வரும் படத்தை எவ்வளவு இறுக்கிச் சுருக்குகிறார்கள் என்பது. சுருக்கும்போது முதலில் அடிபடுவது புகை, மூடுபனி, இருட்டில் மெல்ல மாறும் சாம்பல் நிறம், அதாவது இந்தப் படத்தில் எவையெல்லாம் முக்கியமோ அவையேதான். இணைப்பு வேகம் குறைந்தால் மிருகத்தின் கையிலிருந்து எழும் புகை கட்டம் கட்டமாக உடையும். படம் உங்களுக்குப் பிடிக்குமா என்றே தெரியாத நிலையில், ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றால் சட்டப்படி கிடைக்கிற ஓடிடி சரிதான், அதில் தப்பே இல்லை. இலவசமாக ஏற்றிவைத்திருக்கும் மங்கல் பிரதிகளை மட்டும் தொடாதீர்கள். அதில் பார்த்துவிட்டு "இதையா இவ்வளவு பேர் புகழ்கிறார்கள்" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும், அப்புறம் அவர்களை மறுபடியும் உட்காரவைப்பது ரொம்பக் கஷ்டம்.

குழந்தைகளுக்காக வாங்குகிறேன் என்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எட்டு ஒன்பது வயதுக்கு மேல் பயமில்லாமல் காட்டலாம், சட்டையில் ரத்தத்தோடு மிருகம் வாசலில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். பாட்டு இருக்காது, பேசும் தேநீர்க் கெண்டி இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கறுப்பு வெள்ளை வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்தால், ழாக் தெமி 1970-இல் எடுத்த 'போ தான்' கைகொடுக்கும் என்று சிலர் சொல்வார்கள். வண்ணம், மிஷேல் லெக்ரானின் பாட்டுகள், கதாநாயகியாகக் கத்ரின் தெனவ், ராஜாவாக நம்ம ழான் மரேயே. எல்லாம் சரிதான், ஆனால் அந்த ராஜா பெற்ற மகளையே கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர். அதைக் குழந்தைக்கு விளக்குவதைவிட மிருகத்தை விளக்குவது சுலபம்.

இப்போது என் தேர்வு. ஒன்றே ஒன்று என்றால், பிளேயர் ஒத்துழைக்கிறது என்றால், பிஎஃப்ஐ. கிரைட்டீரியனின் வர்ணனைகளும் ஓபராவும் அருமைதான், நான் மறுக்கவில்லை, ஆனால் அவற்றை ஒரு முறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை போடுவேன். படத்தை ஆயுசுக்கும் போடுவேன். வட அமெரிக்காவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ இருந்து, எல்லா ரீஜனும் ஓடும் பிளேயருக்குச் செலவழிக்க மனமில்லை என்றால் யோசிக்காமல் கிரைட்டீரியன் 2011 ப்ளூ-ரே, அதை இரண்டாம் தரம் என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் இருப்பவர்கள் முழு விலைக்கு வாங்க வேண்டாம், ஜூலையிலும் நவம்பரிலும் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடைகளில் கிரைட்டீரியன் வட்டுகள் பாதி விலைக்கு வருவது வழக்கம். இந்தியாவிலும் இலங்கையிலும் பூட்டில்லாத டிவிடி பிளேயர் மட்டும் இருக்கிறவர்களுக்கு 2003 கிரைட்டீரியன் டிவிடி, வெட்கப்பட வேண்டியதில்லை. கிரைட்டீரியனின் 'ஆர்ஃபிக் ட்ரிலஜி' என்ற காக்தோ பெட்டியைப் பார்த்து மூன்று படம் ஒரே விலையில் என்று ஆசைப்பட்டுவிடாதீர்கள், அதில் 1950-இன் 'ஓர்ஃபே' உண்டு, அது வேறொரு நல்ல படம், ஆனால் இந்தப் படம் அந்தப் பெட்டியில் கிடையாது.

எதை வாங்கினாலும் டிவியில் இரண்டு வேலை செய்யுங்கள். படம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று அளவில் எடுத்தது, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். திரை முழுக்க நிரப்புகிறேன் என்று இழுத்தால் பெல்லாக நடிக்கும் ழோஸெத் தே குட்டையாகிவிடுவார். அடுத்து, அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு ஒன்று இப்போதைய டிவிகள் பலவற்றில் இருக்கிறது, அதை அணைத்துவிடுங்கள். மற்ற பழைய படங்களிலும் அது தொல்லைதான், இதில் பெரும் நாசம்: பெல் மாளிகைக்குள் முதன்முதலாக ஓடி வரும் காட்சி வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி எடுத்தது, டிவி தன் பங்குக்கு இடையில் இல்லாத ஃபிரேம்களைச் செருகினால் அந்த மிதப்பு போய் சீரியல் மாதிரி ஆகிவிடும்.

பழைய வட்டு விற்கும் இடங்களில் கிரைட்டீரியன் டிவிடி கண்ணில் பட்டால் ஒன்றைச் சரிபாருங்கள். 1998 டிவிடிக்கும் 2003 டிவிடிக்கும் முதுகில் ஒரே எண்தான், 6. படத்தை மட்டும் பார்த்து ஏமாறாமல் பின்னட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் ஆண்டைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.